இரண்டாவது ஜாடி

நம் வகுப்புக் குழுவில் ஒரு வாரமாக ஒரே பழைய கதைதான். ஒருவர் இலந்தை வடையைப் பற்றி எழுதுகிறார், இன்னொருவர் ஏரியில் குதித்ததைப் பற்றி. போன ஞாயிறு ஓசூர் மண்டபத்தில் கூடிச் சாப்பிட்டதிலிருந்து எல்லோருக்கும் இளமை திரும்பிவிட்டது. முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே ஆளுக்கு ஒரு நினைவு. "நீ மட்டும்தான் எழுதல, எழுதுமே" என்று தினமும் யாராவது கேட்கிறீர்கள். சரி, எழுதுகிறேன். படித்து முடித்ததும் கைகூப்புகிற பொம்மையை மட்டும் அனுப்பாதீர்கள்.

நாம் எட்டாவது படித்த வருடத்து மொச்சைக்காய் சீசனைத்தான் எழுதப்போகிறேன். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை, எல்லாம் தருமபுரிதான். உத்தனப்பள்ளி ரோட்டிலிருந்து உள்ளே வந்தால் நம் ஊர். மார்கழிப் பனியில் கொல்லை முழுக்க மொச்சை வாசனை அடிக்கும். காய் உரித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்தப் பிசுக்கு போகாது. நாம் நோட்டைத் திறந்தால் நோட்டிலும் அதே வாசனை. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று மூன்று நாக்கோடு திரிந்தோம். அதில் எதிலும் கணக்கு மட்டும் ஏறவில்லை. 'விகிதம்' என்று போர்டில் எழுதினால் நமக்கு அது யாரோ ஒரு ஆள் பேர் மாதிரி இருந்தது.

அந்த வருடம்தான் கணக்கு வாத்தியார் வந்தார். தெற்குச் சீமைக்காரர், மீசை சரியாக முளைக்காதவர், தற்காலிக வேலை. போர்டைத் துடைத்துவிட்டு முதல் நாளே நம்மை வெளியே கூட்டிப் போனாரே, ஞாபகம் இருக்கிறதா? கையில் பிரம்பு. அடிக்கத்தான் கூட்டிப்போகிறார் என்று நினைத்தோம். அவர் பிரம்பை மண்ணில் நட்டு அதன் நிழலை அளக்கச் சொன்னார். அப்புறம் கொடிக்கம்பத்தின் நிழலை. பிரம்பு அதன் நிழலைப் போல இரண்டு பங்கு என்றால், கம்பமும் அதன் நிழலைப் போல இரண்டு பங்கு. கம்பத்தில் ஏறாமலே அதன் உயரம் தெரிந்துவிட்டது. அன்றைக்கு நாம் ஊரில் இருந்த தென்னை, தண்ணீர்த் தொட்டி, கோயில் கோபுரம், மாதா கோயில் சிலுவை என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

இன்னொரு நாள் கொட்டாங்குச்சியில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைக்க வைத்தார். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு நாலு பங்கு மஞ்சள் என்றால் ஒரு நிறம், எட்டுப் பங்கு என்றால் வேறு நிறம். பாதிச் செங்கல் நிறம், பாதி ரத்தச் சிவப்பு. யார் கொட்டாங்குச்சியில் என்ன விகிதம் என்று நிறத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும். பாவாடையெல்லாம் கறையாகி வீட்டுக்குப் போய் உதை வாங்கினோம். "ஆரத்தி கரைக்கறதுக்கா பள்ளிக்கூடம்?" என்று ஊர்த் தலைவர் பெரிய வாத்தியாரிடமே வந்து கேட்டுவிட்டுப் போனார். பெரிய வாத்தியார் என்றால் நம் தலைமை ஆசிரியர்தான், வேறு யாருக்கும் அந்தத் தொப்பை இல்லை.

எனக்குப் பிடித்தது மொச்சை விளையாட்டு. சத்துணவுத் தட்டை ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வோம். விளிம்பை ஒட்டி மொச்சைக் கொட்டையை வளையமாக அடுக்கி எண்ணுவோம். அப்புறம் உள்ளே முழுக்க நிரப்பி எண்ணுவோம். பெரிய தட்டு, டம்ளர், மூடி என்று மாற்றி மாற்றி அடுக்கினால், வளையத்தில் இத்தனை என்றால் உள்ளே இத்தனை என்பது கைக்கே தெரிந்துவிடும். அது ஒரு அடுக்கு. ஜாடி எத்தனை அடுக்கு உயரம் என்று வெளியிலிருந்து பார்த்துப் பெருக்கினால் ஜாடியில் எத்தனை கொட்டை என்பது வந்துவிடும். கொட்டாமல், தொடாமல்.

"தோராயம்னா வாய்க்கு வந்தத சொல்றது இல்ல. தெரிஞ்சத வெச்சு தெரியாததுகிட்ட போறது. கிட்டப் போனா போதும்" என்பார். அப்புறம் ஒற்றை விரலைத் தூக்குவார். "நூத்துக்குப் பத்து முன்னபின்ன இருந்தா?"

"கெட்டிக்காரங்க சார்!" என்று கத்துவோம். சத்துணவுக் கொட்டகை வரைக்கும் கேட்கும்.

அந்தக் கொட்டகையில்தான் என் அம்மா இருந்தாள். அவளை உங்களில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஆயாதான். அப்பா பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டார். வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த ஆயா வேலையால்தான். நீங்கள் எல்லோரும் அவள் கையால் சாப்பிட்டவர்கள். முட்டை போடுகிற நாளில் "ஆயா, எனுக்குப் பெருசு" என்று அவள் முந்தானையை இழுத்தவர்கள். அதையும் யாராவது குழுவில் எழுதுவீர்கள் என்று பார்த்தேன். இதுவரை இல்லை.

நம் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்தது. ஒன்பதாவது படிக்க உத்தனப்பள்ளிக்குப் போக வேண்டும். பஸ் அதன் இஷ்டத்துக்கு வரும். சைக்கிள் இருந்த வீட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். இல்லாத வீட்டுப் பெண்கள் மாடு மேய்த்தார்கள், தக்காளி பறித்தார்கள், கட்டிக்கொண்டு போனார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வருடக் கண்காட்சியில் பரிசு ஒரு சைக்கிள்.

ஓசூரில் அப்போது கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. அதில் ஒரு கம்பெனிக்காரர் நம் ஊர்ப்பக்கம் நிலம் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் முகம் கோணாமல் இருக்க வேண்டும் அல்லவா, அதனால் பள்ளிக்கூடக் கண்காட்சிக்குச் சைக்கிள் கொடுத்தார். பச்சை நிறம். ஹேண்டில்பாரில் சுற்றிய காகிதம்கூடப் பிரிக்காமல் மேடையில் நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய மொச்சைக் கொட்டை. எத்தனை என்று எழுதிப் பெட்டியில் போட வேண்டும். கிட்ட வருகிறவருக்குச் சைக்கிள். அந்த யோசனை கணக்கு வாத்தியாருடையதுதான்.

நான் ஜாடியை மூன்று பக்கமும் சுற்றிப் பார்த்தேன். வளையம் எண்ணினேன். அடுக்கு எண்ணினேன். அடுக்காமல் கொட்டி நிரப்பியிருந்ததால் இடுக்குகளுக்காகக் கொஞ்சம் கழித்தேன். ஆயிரத்து முந்நூற்று நாற்பது என்று எழுதிப் போட்டேன். மனசுக்குள் அந்தச் சைக்கிளில் உத்தனப்பள்ளி வரைக்கும் போய்த் திரும்பி வந்தும்விட்டேன்.

மைக்கில் படித்தார்கள். ஜாடியில் இருந்தது ஆயிரத்து முந்நூற்று நாற்பத்து மூன்று.

நீங்கள் எல்லோரும் என்னைத் தூக்காத குறை. கணக்கு வாத்தியார் நின்ற இடத்திலேயே ஒரு துள்ளுத் துள்ளினார். எனக்கே ஆச்சரியம்தான். இருபது முப்பது தள்ளிப் போகும் என்று நினைத்திருந்தேன். மூன்று மட்டும் தள்ளியது என் கெட்டிக்காரத்தனம் இல்லை, அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டம்தான் எங்கள் குடியைக் கெடுத்தது.

கைதட்டல் அடங்குவதற்குள் ஊர்த் தலைவர் எழுந்தார். "ஆயா மவளுக்கு மூணு கொட்டதான் தப்புமா? நம்ப பசங்கோ எல்லாம் இன்னா, முட்டாளா?"

பெரிய வாத்தியாருக்கு வேர்த்துவிட்டது. ஜாடிக் கொட்டைகளை எண்ணியது அவர். மொச்சையை வாங்கி வந்து ஜாடியில் கொட்டியது என் அம்மா. எண்ணிக்கை முதலில் தெரிந்த ஆள் அவர்தான் என்று ஊர் கணக்குப் போடுவதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நான் எண்ணிகினு இருந்தப்போ ஆயா ரூம்லதான் பெருக்கிகினு இருந்தா" என்றார்.

அம்மா கூட்டத்தின் கடைசியில் கரண்டியோடு நின்றிருந்தாள். "எனுக்கு எழுத்தே தெரியாது சாமி. நீங்க வாய்க்குள்ள எண்ணிகினு இருந்தீங்கோ. எனுக்கு எப்டி தெரியும்?" என்றாள். அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

"இன்னொரு ஜாடி வெச்சிப் பாத்துடலாம். சரியா சொன்னா சைக்கிள் அவளுக்கு" என்று கம்பெனிக்காரர் சொன்னார். அவருக்கு அது வேடிக்கை. பெரிய வாத்தியார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தானே எண்ணி நிரப்பி எடுத்துவந்தார். வயிறு பெருத்துக் கழுத்து சிறுத்த கண்ணாடி ஊறுகாய் ஜாடி. கொட்டை வளையம் அடியில் ஒரு அளவு, நடுவில் ஒரு அளவு, கழுத்தில் ஒரு அளவு. நாம் அதுவரை நேர் ஜாடிதான் பழகியிருந்தோம். ஆனாலும் கணக்கு விட்டுப்போகவில்லை. அடியையும் நடுவையும் கழுத்தையும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டினேன்.

"தொளாயிரம் சார்."

பெரிய வாத்தியார் சட்டைப் பையிலிருந்து துண்டுச் சீட்டை எடுத்தார். "தொளாயிரத்து அம்பத்தெட்டு" என்று படித்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். "பாத்துக்கினீங்களா? ஆயா இல்லாகாட்டி வரல."

கம்பெனிக்காரர் சிரித்தார். "அம்பத்தெட்டு போச்சே பாப்பா. எங்க கம்பெனியில இப்டி பீஸ் வந்தா ரிஜெக்ட்தான்" என்றார். கூட்டமும் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். சின்னப் பிள்ளைகள், பெரியவர்கள் சிரித்தால் சிரிப்பீர்கள், அதை நான் குற்றம் சொல்லவில்லை.

நான் ஜன்னலோரம் நின்ற கணக்கு வாத்தியாரைப் பார்த்தேன். ஆயிரத்துக்குக் கிட்ட இருந்த ஜாடியில் ஐம்பத்தெட்டு என்றால் நூற்றுக்கு ஆறு. அவர் விரலைத் தூக்கினால் போதும். 'நூத்துக்குப் பத்து முன்னபின்ன இருந்தா?' என்று ஒரு தடவை கேட்டால் போதும், வகுப்பு மொத்தமும் பழக்கத்தில் கத்தியிருக்கும். முதல் ஜாடிதான் தற்செயல், இரண்டாவது ஜாடிதான் அவர் கற்றுக்கொடுத்த பாடம் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்த ஒரே பெரிய மனுஷன் அவர். அவர் வெளியே கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலை நிரந்தரமாக அவருக்குப் பெரிய வாத்தியார் கையெழுத்து வேண்டியிருந்தது. பாவம், அவருக்கும் குடும்பம் இருந்திருக்கும் என்பீர்கள். இருந்தது. எனக்கும் இருந்தது.

சைக்கிள் தலைவர் மகனுக்குப் போயிற்று. தலைவர் மகனே, நீயும் இந்தக் குழுவில் இருக்கிறாய், படிப்பாய். நீ எழுதிப்போட்டது ஆயிரத்து ஐந்நூறு. அது நூற்றுக்குப் பத்துக்குள்கூட வராது. நீ எண்ணியே பார்க்கவில்லை என்று அன்றைக்கே என்னிடம் சொன்னாய். அந்தப் பச்சைச் சைக்கிள் உங்கள் களத்து மேட்டில் மழையில் நனைந்து துருப்பிடித்து, கடைசியில் கோழி அடைகிற இடமானதை நான் பார்த்திருக்கிறேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கோழிகள்மேல் இருந்தது.

அடுத்த வாரம் அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். திருடி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "கொஞ்ச நாளு வராத" என்றார்கள், அவ்வளவுதான். கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். கொஞ்ச நாள் முடியவே இல்லை.

வேலை போன அன்றைக்கு வீட்டுக்கு நடந்துவரும்போது மொச்சைக் கொல்லையோரம் நின்று என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏண்டி, மொத தடவ அவ்ளோ சரியா சொன்னவ, ரெண்டாவது தடவ ஏண்டி தப்பா சொன்ன?"

"தப்பு இல்லம்மா. கிட்டத்தான் சொன்னேன். கிட்டச் சொன்னா போதும்னு வாத்தியாரு சொல்லிக் குடுத்தாரு."

"கிட்டன்னா? அந்தக் கிட்ட சோறு போடுமா?"

வீட்டில் தட்டை எடுத்து வைத்து, மொச்சையை வளையமாக அடுக்கி, அவளுக்குப் புரியவைக்கப் பார்த்தேன். அவள் பாதியிலேயே கொட்டையை அள்ளி உலையில் போட்டுவிட்டாள். வேறு என்ன செய்வாள்? ராத்திரிச் சாப்பாட்டுக்கு அதுதான் இருந்தது.

நான் எட்டாவதோடு நின்றேன். அம்மா கல் உடைக்கிற ஜல்லி மிஷினுக்குப் போனாள். வாயைக் கட்டிக்கொண்டு வேலை செய்தாலும் அந்தத் தூசி உள்ளே போய்விடும். இருமலை வீட்டுக்குக் கொண்டுவந்தாள், அது கடைசி வரை போகவில்லை. எனக்கு வயது வந்ததும் ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன், மூன்று ஷிப்ட். முதலில் லைனில், அப்புறம் கொஞ்சம் கணக்கு வரும் என்று பார்த்து இன்ஸ்பெக்ஷனில் போட்டார்கள். அங்கே எனக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன தெரியுமா? பெட்டி நிறைய பீஸ் வரும். எல்லாவற்றையும் அளக்க வேண்டாம். கொஞ்சம் எடுத்து அளந்து, அதை வைத்துப் பெட்டி முழுக்க எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும்.

சூப்பர்வைசர் ட்ராயிங்கைக் காட்டினார். ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்திலும் ஒரு கூட்டல் குறி, ஒரு கழித்தல் குறி. "இவ்ளோ முன்னபின்ன இருந்தா ஓகேம்மா. எக்ஸாக்டா எந்த மிஷினாலயும் பண்ண முடியாது" என்றார். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரு இரும்புத் துண்டுக்குக் கொடுத்த இடத்தை எனக்குக் கொடுக்கவில்லையே என்று அழுதேன். ரிஜெக்ட் என்று சிரித்த அந்தக் கம்பெனிக்காரருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? அவர் கம்பெனி ட்ராயிங்கிலும் அந்தக் குறிகள் இருந்திருக்கும்.

அம்மா இருமலோடு கிடந்த காலத்தில் இதைச் சொல்லியும் பார்த்தேன். கூட்டல், கழித்தல், முன்னே பின்னே. கேட்டுவிட்டு அவள் என் கையைத் தடவி, "சின்னப் புள்ளதானே நீ. தப்பு வர்றதுதான். நான் உன்ன எதுவும் சொல்லல" என்றாள். மன்னித்துவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. செய்யாத தப்பை மன்னித்துவிட்டு அவள் போய்ச்சேர்ந்தாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் எல்லோரும் பார்த்ததுதான், நான் பார்த்ததையும் கேளுங்கள். மண்டப வாசலில் கண்ணாடி ஜாடி நிறைய சாக்லேட். எத்தனை என்று எழுதிப்போட்டால் கிப்ட். பழைய ஞாபகத்துக்காக வைத்தோம் என்றான் தலைவர் மகன். இப்போது அவன் ஊர்ப்பக்கத்து நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்கிறான், விழாச் செலவும் அவனுடையதுதான். நான் எழுதவில்லை. "நீதானே எக்ஸ்பர்ட்டு, எழுதுமே" என்று என் தோளைத் தட்டினீர்கள்.

கணக்கு வாத்தியாருக்குச் சால்வை போட்டீர்கள். மீசை நரைத்து, பல் கட்டி, பெரிய மனிதராகத்தான் இருந்தார். நிரந்தரமாகி, பென்ஷனும் வாங்குகிறார். மைக்கைப் பிடித்தவர் என்னைக் கை நீட்டிக் காட்டினார். "இந்தப் பொண்ணு, ஒரு ஜாடி மொச்சைய பார்த்தே சொன்னா. மூணே மூணு கம்மி! என் சர்வீஸ்லயே அப்படி ஒரு பிள்ளைய பார்த்தது இல்ல" என்றார். மண்டபம் அதிர்ந்தது. அதோடு மைக்கை வைத்துவிட்டார். அவர் கதையில் ஒரு ஜாடிதான் இருந்தது.

அப்புறம் தலைவர் மகன் சீட்டுகளைப் பிரித்தான். "கரெக்டா யாரும் சொல்லலப்பா. கிட்ட வந்தவங்களுக்குக் குடுத்துர்லாம், இன்னா சொல்றீங்கோ?"

"குடுத்துர்லாம்" என்று எல்லோரும் சேர்ந்து கத்தினீர்கள். ஒருத்தர்கூட வேறு ஜாடி வைக்கச் சொல்லவில்லை. யார் வீட்டுப் பிள்ளை, யார் மண்டபத்தைப் பெருக்கியது என்று கேட்கவில்லை. கிட்ட வந்தாலே போதும் என்று உங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. சாப்பாட்டு ஹாலுக்குப் போனேன். வாத்தியார் இலைமுன் உட்கார்ந்திருந்தார். சால்வை மடியில் கிடந்தது. பக்கத்தில் போய் நின்றேன்.

"சார், நூத்துக்குப் பத்து முன்னபின்ன இருந்தா?"

சோற்றுக் கையோடு அந்த விரல் தானாக மேலே போனது. "கெட்டிக்காரங்க!" என்று குழந்தை மாதிரி சிரித்தார்.

"தொளாயிரத்து அம்பத்தெட்டு இருக்கற எடத்துல தொளாயிரம்னு சொன்னா உள்ளயா, வெளியயா சார்?"

"உள்ளதாம்மா, நல்லா உள்ள. இதுல என்ன சந்தேகம்?" என்றவர், பாயசத்தை வாயில் வைத்துக்கொண்டே கேட்டார். "யாரு சொன்ன கணக்கு அது?"

"ஆயா மக சொன்னது சார். ரெண்டாவது ஜாடி."

விரல் மெல்ல இறங்கி இலையில் சோற்றுக்குள் போயிற்று. நான் நிற்கவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று உங்களிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இதில் என்ன சந்தேகம் என்று கேட்டார். என் அம்மாவுக்கு இருந்தது. சாகிற வரைக்கும் இருந்தது.